33 லிட்டர் இருந்தும் நின்ற வண்டி: பழைய டீசல் பிக்கப்பில் பெரிய டேங்க் மாற்றியது பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏற்றம் தொடங்கும்போது டீசல் முள் கால் டேங்குக்கு நேராக நின்றது. பாதி ஏற்றத்தில் இன்ஜின் இரண்டு முறை திணறி அடங்கிவிட்டது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. 128 லிட்டர் பிடிக்கும் புது டேங்க் அது. மாட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பிற்பாடு கணக்குப் போட்டதில் அந்த நேரத்தில் உள்ளே சுமார் 33 லிட்டர் இருந்திருக்கிறது. பழைய டேங்கின் மொத்தக் கொள்ளளவே 65 லிட்டர். அதில் பாதி அளவு டீசலைச் சுமந்துகொண்டே வண்டி டீசல் கிடைக்காமல் நின்றது.

பழைய பிக்கப்புக்குப் பெரிய டேங்க் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைத்தான். நானும் அதையே கேட்டேன். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் சக்ஷன் குழாயின் வாய் எந்த இடத்தில் நிற்கும் என்று முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு டேங்க் வீணாகியிருக்காது. என் வண்டியில் நடந்ததை அளவுகளோடு எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குபவர்கள் தகட்டை வெட்டுவதற்கு முன்னால் படித்தால் போதும்.

வண்டியும் தேவையும்

நான்கு சிலிண்டர், 2.8 லிட்டர், டர்போ இல்லாத டீசல் இன்ஜின். டீசலை இன்ஜினுக்குள் தள்ளுவது ரோட்டரி பம்ப். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஏணிச் சட்டம் போன்ற சேஸிஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங், இருவர் உட்காரும் கேபின், நீளமான லோடு தொட்டி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர். இன்ஜினில் குறை ஒன்றும் இல்லை. டேங்க்தான் போய்விட்டது. அடித்தகடு உள்பக்கமாகத் துருப்பிடித்து, மூன்று மாதத்துக்கு ஒரு ஃபில்டர் என்று தின்றுகொண்டிருந்தது. எப்படியும் மாற்ற வேண்டும், மாற்றுவதைப் பெரிதாகவே மாற்றுவோம் என்றுதான் பேச்சு தொடங்கியது.

லோடோடு போனால் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் தரும் வண்டி. 65 லிட்டரில் உபயோகமாவது 60 என்று வைத்தால் 540 கிலோமீட்டர். நல்ல பங்க் அரிதாக உள்ள பாதைகளில் போகும்போது இது போதவில்லை. கேன்களில் டீசல் எடுத்துப் போய், காற்றும் தூசும் அடிக்கும் வெட்டவெளியில் புனல் வைத்து ஊற்றிய நாட்கள் நிறைய. டீசல் பம்புக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. அதன் உள்பாகங்களுக்கு எண்ணெய் போடுவதே டீசல்தான். அந்தப் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகள்தான். புனல் வழியே இறங்கும் மணல் துகளுக்கு அங்கே இடமில்லை.

யோசித்த வழிகள்

மூன்று வழிகள் இருந்தன. லோடு தொட்டிக்குள் கேபினை ஒட்டி இன்னொரு டேங்க் வைக்கலாம். வேலை சுலபம், ஆனால் தொட்டியில் இடம் போகும். பின் அச்சுக்குப் பின்னால் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் ஒரு டேங்க் மாட்டலாம். பலர் செய்வது இது. எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. 100 லிட்டர் டீசல் 84 கிலோ, டேங்க் 30 கிலோ, ஆக 114 கிலோ. பின் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் அதைத் தொங்கவிட்டால் தராசு போல வேலை செய்யும். பின் அச்சில் 148 கிலோ ஏறும், முன் அச்சில் 34 கிலோ குறையும். லோடு ஏற்றினாலே முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கிற வண்டியில் முன் அச்சிலிருந்து மேலும் எடையை எடுப்பது சரியில்லை.

இந்த இரண்டு வழிகளிலும் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டீசல் இன்ஜினுக்கு டேங்கிலிருந்து வரும் குழாய் ஒன்று, மிச்ச டீசல் திரும்பிப் போகும் குழாய் ஒன்று. இரண்டு டேங்க் இருந்தால் மாற்றும் வால்வு இரண்டு குழாய்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வருகிற குழாயை மட்டும் மாற்றினால் இரண்டாம் டேங்கிலிருந்து உறிஞ்சி முதல் டேங்கில் கொட்டிக்கொண்டே இருக்கும். முதல் டேங்க் நிரம்பி வழியும், இரண்டாம் டேங்க் நினைத்ததைவிடச் சீக்கிரம் காலியாகும். ஃபோர்டு எஃப் வரிசைப் பழைய பிக்கப்புகளில் இரண்டு டேங்குகளும், டாஷ்போர்டில் அவற்றை மாற்றும் சுவிட்சும் உண்டு. டொயோட்டா லேண்ட் க்ரூசர் ட்ரூப் கேரியரில் 90 லிட்டரில் இரண்டு டேங்குகள் வைத்து 180 லிட்டர் கொடுத்தார்கள். தொழிற்சாலை திட்டமிட்டுச் செய்யும்போது இது அருமையான ஏற்பாடு. ஆனால் பழைய வண்டியில் கூடுதலாக ஒரு வால்வு என்றால் காற்று இழுக்கக் கூடுதலாக ஆறு இணைப்புகள்.

அதனால் மூன்றாம் வழி. பழைய டேங்க் இருந்த இடத்திலேயே, சேஸிஸ் சட்டத்துக்கும், பின் சக்கரங்களைச் சுற்றவைக்கும் புரொபெல்லர் ஷாஃப்டுக்கும் நடுவில், பின்னோக்கி நீட்டி ஒரே பெரிய டேங்க். பழையது 70 சென்டிமீட்டர் நீளம், 42 அகலம், 23 உயரம். புதியது 125 நீளம், அதே 42 அகலம், 26 உயரம். கணக்குக்கு 136 லிட்டர் வரும். மூலை வளைவுகளும், டீசல் சூட்டில் விரிவதற்கு மேலே விட்ட இடமும் போக 128 லிட்டர் நிரப்பலாம். விரிவதற்கு இடம் விடுவதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தரைக்கடியில் குளிர்ந்து கிடந்த டீசலை முழுக்க நிரப்பி வெயிலில் நிறுத்தினால், 25 டிகிரி சூடேறும்போது 128 லிட்டர் சுமார் இரண்டரை லிட்டர் கூடும். போதாததற்கு ரிட்டர்ன் டீசலும் இன்ஜின் சூட்டோடு வந்து சேரும்.

எடையைப் பார்த்தோம். டீசலில் கூடுவது 53 கிலோ, தகட்டில் கூடுவது 25 கிலோ, ஆக ஏறத்தாழ 80. டேங்கின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 92 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதால் கூடும் எடையில் ஒரு பகுதி முன் அச்சுக்கும் பெரும்பகுதி பின் அச்சுக்கும் போகும். முன்பக்கம் லேசாகாது. லோடில் 80 கிலோ குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதல் டேங்க்

தகட்டைப் பற்றவைத்த வெல்டர் அனுபவசாலி. பழைய டேங்கையே பாதியில் அறுத்து நடுவில் தகடு கொடுத்து நீட்டிவிடலாம் என்றார். "தண்ணி நிரப்பி வச்சுட்டுப் பத்த வச்சா ஒண்ணும் ஆகாது தம்பி" என்றார். "வேண்டாம்ணே, புதுத் தகட்டிலயே செய்வோம்" என்றேன். டீசல் சாதாரணமாகத் தீப்பிடிக்காது என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. அது திரவமாக, குளிர்ந்திருக்கும்போது சரி. டீசலின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை அமெரிக்க விதிப்படி 52, ஐரோப்பிய விதிப்படி 55 டிகிரிக்குக் குறையக்கூடாது. பற்றவைக்கும் தகடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். மடிப்புகளிலும் துருவுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் டீசல் அந்தச் சூட்டில் ஆவியாகி, மூடிய டேங்க் வெடிகுண்டாகிவிடும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்து தகடு. பட்டறையில் ஜிஐ தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, தயாராக இருந்தது. துரு பிடிக்காது, பளபளப்பாகவும் இருக்கும். ஆனால் டீசல் டேங்குக்கு ஜிஐ ஆகாது. டீசல் பழசாகும்போது உண்டாகும் அமிலம் துத்தநாகப் பூச்சோடு சேர்ந்து சோப்பு போன்ற பசையாகி ஃபில்டரையும், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலையும் அடைக்கும். செம்புக் குழாயும் அப்படித்தான், டீசல் கெடுவதை அது வேகப்படுத்தும். ஆகவே 2 மில்லிமீட்டர் சாதா இரும்புத் தகடு எடுத்தோம். வெளிப்பக்கம் பெயின்ட், உள்பக்கம் ஒன்றும் அடிக்கவில்லை. உள்ளே அடித்த பெயின்ட் உரிந்தால் அதுவும் ஃபில்டருக்குத்தான் வரும்.

உள்ளே இரண்டு தடுப்புத் தகடுகள் வைத்து டேங்கை மூன்று அறையாக்கினோம். தடுப்பு இல்லாமல் 100 கிலோ டீசல் ஒன்றேகால் மீட்டர் நீளத்தில் முன்னும் பின்னும் மோதினால் ஓரப் பற்றவைப்பு விடும். தடுப்புகளின் கீழ் மூலைகளை டீசல் போகவும் மேல் மூலைகளைக் காற்று போகவும் வெட்டிவிட்டோம்.

கசிவுச் சோதனைக்குக் கம்ப்ரஸர் காற்றைப் பிடிக்கவில்லை. மேல்தகட்டின் பரப்பு அரை சதுர மீட்டருக்கு மேல். 0.2 பார் அழுத்தம் என்றால் கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும், ஆனால் அந்தத் தகட்டை ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசை தூக்கும். பட்டறைக் காற்று 7, 8 பார். விரல் கொஞ்சம் நழுவினால் டேங்க் பந்தாகிவிடும். டேங்க் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒரு ட்யூபை ஒன்றரை மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாகக் கட்டி அதிலும் தண்ணீர் நிறுத்தினோம். 0.15 பார் கிடைத்துவிடும். ட்யூபில் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இரண்டு ஊசித்துளைகளை அப்படித்தான் கண்டுபிடித்தோம். பிறகு தண்ணீரை வடித்து, சூடான காற்றில் உலர்த்தி, அடைத்துவிட்டு மறுபடி சோதித்தோம்.

சேஸிஸில் ஏற்கெனவே இருந்த துளைகளை வைத்தே தொட்டில் போல ஆங்கிள் கட்டி, பட்டைகளால் இறுக்கினோம். சேஸிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவே கூடாது. வண்டியின் பாரமெல்லாம் அங்கேதான் வேலை செய்கிறது. ஷாஃப்டின் முன்பாகத்தைச் சுற்றி ஒரு வளையம் கொடுத்தோம். ஜாயின்ட் உடைந்து ஷாஃப்ட் சாட்டை போல அடித்தாலும் டேங்கில் படாது.

எல்லாம் சரியாகச் செய்த இந்த டேங்கில் ஒரே ஒரு முடிவைத்தான் யோசிக்காமல் எடுத்தேன். பழைய டேங்கின் மேல்மூடி, அதாவது சக்ஷன் குழாய், மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாய், டீசல் மட்டத்தை முள்ளுக்குச் சொல்லும் ஃப்ளோட் (மிதவை) மூன்றும் சேர்ந்து வரும் வட்டத் தகடு, முன் ஓரத்திலிருந்து 35 சென்டிமீட்டரில் இருந்தது. பழைய 70 சென்டிமீட்டர் டேங்கில் அது சரியாக நடு. குழாய்களும் வயரும் அந்த இடத்துக்குத்தான் நீளம் வருகின்றன. அதனால் புது டேங்கிலும் அதே இடத்தில் துளை போடச் சொன்னேன். குழாயை வெட்டி ஒட்ட வேண்டியதில்லை, இணைப்புகள் குறையும் என்பது என் எண்ணம்.

நின்றது, ஓடியது, மறுபடி நின்றது

முதல் மூன்று வாரம் பிரச்சினை இல்லை. அப்புறம் அந்த ஏற்றம். நின்ற இடத்தில் பானெட்டைத் திறந்து ஃபில்டர் தலையில் உள்ள கை பம்பை அழுத்தினேன். டீசல் வந்தால் பத்துப் பதினைந்து அழுத்தலில் கை கனக்கும். இங்கே பஞ்சு போல இறங்கியது. காற்று இழுக்கிறது என்று தெரிந்தது. டேங்க் மூடியைத் திறந்தேன், உஸ் என்று சத்தம் வரவில்லை. டேங்குக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயில் அடைப்பு இல்லை என்று முடிவுக்கு வந்தேன். பிரீதர் அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது, மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே பாயும் சத்தம் கேட்கும்.

பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வண்டியைப் பின்னோக்கி இறக்கி, கொஞ்சம் சமமாக இருந்த வளைவில் நிறுத்தினேன். கை பம்பை நாற்பது முறை அழுத்திய பின் கனத்தது. குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். ஸ்டார்ட் ஆகிவிட்டது.

வந்ததும் ஃபில்டரை மாற்றினேன். குழாய்களை இணைக்கும் பேஞ்சோ போல்ட்களின் செம்பு வாஷர்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன், ரப்பர் ஹோஸ் துண்டுகளையும் கிளிப்புகளையும் மாற்றினேன். சக்ஷன் பக்கக் கசிவு கண்ணுக்குத் தெரியாது, டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றுவது சரியான வழி என்று நினைத்தேன். டேங்கை நிரப்பிக்கொண்டு அதே ஏற்றத்தில் போனேன். முணுமுணுப்பு இல்லாமல் ஏறியது. வாஷர்தான் காரணம் என்று நம்பிவிட்டேன்.

குணமாக்கியது வாஷர் இல்லை, நிரப்பிய டீசல். இது எனக்குப் புரிய இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. முள் கால் டேங்கில் இருக்கும்போது அதே ஏற்றத்துக்குப் போனேன், ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. இந்த முறை ஒன்றைக் கவனித்தேன். ஏற்றத்துக்கு முன் கால் டேங்க் காட்டிய முள், நின்றபோது அடிக்கோட்டில் கிடந்தது. சமதளத்துக்கு இறக்கியதும் மறுபடி காலுக்கு வந்தது. முதல் தடவையும் இது நடந்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை.

மறுநாள் சோதனை. 10 லிட்டர் கேனை லோடு தொட்டியில் வைத்து, சக்ஷன், ரிட்டர்ன் இரண்டையும் டேங்கிலிருந்து கழற்றி உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி போன்ற ட்யூப் வழியாகக் கேனில் விட்டேன். அதே ஏற்றம். வண்டி நிற்கவே இல்லை, ட்யூபில் ஒரு குமிழிகூட இல்லை. கேன் டேங்கைவிட உயரத்தில் இருந்ததால் டீசல் தானாக இறங்கும், இணைப்பில் சிறு கசிவு இருந்தால் மறைத்துவிடும் என்ற சந்தேகம் வந்தது. கேனை டேங்க் மட்டத்துக்குத் தாழ்த்திக் கட்டி மறுபடி ஓட்டினேன். அப்போதும் குமிழி இல்லை. பம்ப், ஃபில்டர், இணைப்புகள் எதிலும் குற்றமில்லை. மறுபடி டேங்கில் கொடுத்து ஏற்றினேன். வண்டி திணறுவதற்கு ஒரு நிமிடம் முன்னாலிருந்தே ட்யூபில் முதலில் கடுகு போல, அப்புறம் நீள நீளமாகக் காற்று வந்தது.

அட்டையில் போட்ட கணக்கு

ஏற்றத்தின் சரிவை ஒரு மீட்டர் நேர்க்கட்டையும் ரசமட்டமும் வைத்து அளந்தேன். ஒரு மீட்டருக்கு 15 சென்டிமீட்டர், அதாவது 15 சதவீதம். அட்டையில் டேங்கைப் பக்கவாட்டில் வரைந்தேன். வண்டி ஏறும்போது டீசல் பின்பக்கம் ஒதுங்கும். சக்ஷன் வாயிலிருந்து பின் ஓரம் 90 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு 15 சதவீதச் சரிவு என்றால் பின் ஓரத்தில் டீசல் வாயைவிடப் பதின்மூன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். வாய் அடித்தகட்டிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது, அதையும் சேர்த்தால் பதினைந்தரை. அந்த முக்கோணத்தை டேங்கின் அகலத்தோடு பெருக்கினால் 33.6 லிட்டர். அதற்குக் கீழே இறங்கினால் வாய் காற்றில் தொங்கும்.

முன்தினம் வண்டி நின்ற பிறகு நான் ஓட்டி வந்தது 12 கிலோமீட்டர். சோதனைக்கு முன்னால் டேங்கை வடித்துக் கேன்களில் அளந்தபோது 32 லிட்டர் வந்தது. வழியில் செலவான ஒரு லிட்டருக்குச் சற்று மேல் சேர்த்தால் கணக்கும் கேனும் ஒத்துப்போகின்றன.

பழைய டேங்குக்கும் அதே கணக்கைப் போட்டேன். வாயிலிருந்து பின் ஓரம் 35 சென்டிமீட்டர்தான். அதே சரிவில் 7 லிட்டருக்குச் சற்று மேல் வரும்போதுதான் நிற்கும். நீளத்தை இரண்டு மடங்குகூட ஆக்கவில்லை, எடுக்க முடியாமல் கிடக்கும் டீசல் நான்கரை மடங்கு ஆகிவிட்டது. முக்கோணத்தின் நீளமும் உயரமும் சேர்ந்து வளர்வதால் இப்படி. டேங்கை நீளவாக்கில் பெரிதாக்குபவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். வாய் முன் ஓரத்திலேயே இருந்திருந்தால், அடித்தகட்டை ஒட்டி வைத்திருந்தாலும் 49 லிட்டர் சிக்கியிருக்கும்.

பிரேக் பிடிப்பதும் டீசலுக்கு இறக்கம் போலத்தான். ஆனால் அது சில நொடிகளில் முடிந்துவிடும், தடுப்புத் தகடுகள் சமாளிக்கும். நீண்ட ஏற்றத்தில் தடுப்பு ஒன்றும் செய்யாது. அதன் துளை வழியே டீசல் மெதுவாகப் பின்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டாம் டேங்க்

நடுவில் புதுத் துளை போட்டுப் பழைய துளையை அடைத்தால் போதும் என்றார் பற்றவைத்தவர். ஆனால் அது இப்போது டீசல் பட்ட டேங்க். டீசல் பட்ட டேங்கில் பற்றவைக்க வேண்டாம் என்று முதலில் சொன்னது நான்தான். ஆவிப் பிடித்துக் கழுவி, மந்த வாயு நிரப்பிச் செய்யும் முறை இருக்கிறது, அதற்கான வசதியுள்ள இடங்கள் செய்யட்டும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. புதுத் தகட்டில் இன்னொரு டேங்கே செய்தோம். துளையின் இடத்தை யோசிக்காததற்குக் கொடுத்த விலை ஒரு முழு டேங்க்.

இந்த முறை மேல்மூடி சரியாக நடுவில். அதற்கு நேர் கீழே அடித்தகட்டில் 15 சென்டிமீட்டர் சதுரத்தில் 4 சென்டிமீட்டர் ஆழக் குழி. சக்ஷன் வாய் குழிக்குள், குழியின் அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே. இந்த அமைப்பில் 15 சதவீத ஏற்றத்தில் சிக்கும் டீசல் 8 லிட்டர் அளவுதான், பழைய சிறிய டேங்குக்குக் கிட்டத்தட்டச் சமம். குழியைச் சுற்றி 10 சென்டிமீட்டர் உயரத்தில், அடியில் டீசல் நுழையத் துளைகளோடு, மேல் திறந்த பெட்டி ஒன்றையும் பற்றவைத்து, ரிட்டர்ன் குழாயை அதற்குள்ளேயே இறக்கினோம். வளைவுகளிலும் பிரேக்கிலும் டீசல் ஒதுங்கும்போது ரிட்டர்ன் டீசல் வாயைச் சுற்றியே விழுந்துகொண்டிருக்கும். ரிட்டர்ன் மேலிருந்து கொட்டினால் நுரை கட்டும், அதுவும் தவிர்ந்தது.

குழி 4 சென்டிமீட்டர் கீழே நீட்டிக்கொண்டிருப்பதால் கல் படும் பயம் உண்டு. கீழே 4 மில்லிமீட்டர் தகட்டில் காவல் கொடுத்தோம். தகட்டில் துளைகள் போட்டிருக்கிறோம், இல்லாவிட்டால் சேறு தங்கி அங்கேயே துரு பிடிக்கும்.

பிரீதரையும் மாற்றி யோசித்தேன். லோடு இல்லாத பிக்கப் பின்பக்கம் தூக்கி நிற்கும். அப்போது டேங்கின் பின் மேல் மூலைதான் உயரமான இடம். பிரீதர் முன்னால் மட்டும் இருந்தால் அந்த மூலையில் காற்று சிக்கி, நிரப்பும்போது டீசல் பொங்கித் துப்பும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்து, இரண்டையும் நிரப்பும் வாயைவிட உயரத்தில் சேர்த்து, வண்டி கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வு வழியாக வெளியே விட்டோம். இந்த வால்வைச் சேர்க்காமல் யாரும் விட வேண்டாம். டேங்க் வேலையில் தீ விபத்துப் பாதுகாப்புக்கு ஐநா ஒழுங்குவிதி 34 போன்ற தனி விதிகளே உள்ளன. வண்டியின் ஒப்புதல் அசல் டேங்கோடு சேர்த்துக் கொடுத்தது என்பதால், மாற்றினால் பதிவு அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் தெரிவித்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதை வேலைக்கு முன்னாலேயே விசாரிக்க வேண்டும்.

முள்ளைப் பழக்குவது

பழைய டேங்க் யூனிட்டையே, அதாவது ஃப்ளோட்டின் உயரத்தை மின்தடையாக மாற்றி கேஜுக்கு அனுப்பும் பாகத்தையே, வைத்துக்கொண்டேன். என் வண்டியின் கேஜ் நிறைந்தால் 4 ஓம், காலியானால் 108 ஓம் எதிர்பார்க்கிறது. கடையில் கிடைக்கும் பொது யூனிட்கள் வேறு வகை. காலியில் 240, நிறைவில் 33 என்று ஒரு வகை, காலியில் 10, நிறைவில் 180 என்று தலைகீழாக இன்னொரு வகை. கேஜுக்குப் பொருந்தாத யூனிட்டைப் போட்டால் முள் பொய் சொல்லும். வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரில் பழையதை அளந்துவிடுவது நல்லது.

உயரம் 3 சென்டிமீட்டர் கூடியதால் ஃப்ளோட் கம்பியை லேசாக வளைத்து நீட்டினேன். பிறகு காலி டேங்கில் பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் கண்ணாடியின் மேல் ஒட்டிய காகிதத்தில் குறித்தேன். பெட்டி வடிவ டேங்க் என்பதால் கோடுகள் ஏறத்தாழச் சம தூரத்தில் விழுந்தன. அடிக்கோட்டை முள் தொடும்போது 14 லிட்டர் இருக்கும்படி வைத்தேன். ஃப்ளோட்டும் இப்போது நடுவில் இருப்பதால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் முள் முன்போல ஆடுவதில்லை.

அப்புறம் நடந்தது

பம்புக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம் வைத்த முன்ஃபில்டர் ஒன்று மாட்டினேன். எவ்வளவு கழுவினாலும் பற்றவைப்புத் துகள் எங்காவது இருக்கும். முதல் 500 கிலோமீட்டரில் கிண்ணத்தின் அடியில் கருப்பு மணல் போல நகத்தளவு சேர்ந்திருந்தது. அடுத்த 1000 கிலோமீட்டரில் ஒன்றுமில்லை.

அதே ஏற்றத்துக்கு வேண்டுமென்றே 15 லிட்டரோடு போனேன். கையில் ஒரு கேன் டீசலும் இருந்தது. உள்ளே ஓடுவது தெரியும் ட்யூபைப் பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டே வர, உச்சிவரை ஏறினோம். குமிழி வரவில்லை. லோடோடு லிட்டருக்கு 9 என்ற கணக்கில் ஒரு நிரப்பலுக்கு 1000 கிலோமீட்டர் நம்பி ஓடுகிறேன், அதற்கு மேல் மிச்சம் இருப்பதை மறந்துவிடுகிறேன்.

குழி வைத்ததால் புது வேலை ஒன்று வந்தது. தண்ணீர் டீசலைவிடக் கனம், டேங்கில் சேரும் தண்ணீரெல்லாம் குழிக்குத்தான் வரும், சக்ஷன் வாயும் அங்கேதான் இருக்கிறது. வாய்க்குக் கீழே 2 சென்டிமீட்டர், அதாவது அரை லிட்டருக்கும் குறைவான இடம்தான் தண்ணீருக்கு. பெரிய டேங்கைப் பாதி காலியாக வைத்து ஓட்டினால் உள்ளே காற்று அதிகம், இரவில் குளிரும்போது அந்தக் காற்றின் ஈரம் சுவரில் வேர்த்து இறங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சை வளர்ந்து கருப்புச் சளி போல ஃபில்டரில் ஒட்டும். அதனால் குழியின் அடியில் ஒரு வடிகால் போல்ட் வைத்திருக்கிறேன்.

மாதம் ஒரு முறை, வண்டி இரவு முழுக்க அசையாமல் நின்ற பின், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் அதைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்கிறேன். முதல் மாதம் பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், மேலே தேன் நிறத்தில் டீசல், நடுவில் கோடு கிழித்தது போல ஒரு மெல்லிய சாம்பல் படலம். இரவில் டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பி நிறுத்த ஆரம்பித்தேன். போன மாதம் திறந்தபோது பாட்டிலின் அடியில் நான்கைந்து சொட்டுதான் உருண்டது.